ஸ்பானர் படாத எஞ்சின்

குலேந்திரனுடைய வானில் அந்த விளக்கு முதன்முதலாக எரிந்தது 2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமைக் காலை. கோப்பாயில் ஏறிய பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இருபாலைச் சந்தியைக் கடந்து நல்லூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, வான் ஓடும்போது அவர் இதுவரை கண்டிராத ஒரு சொல் வெளிச்சமாகி நின்றது. ரி-பெல்ட். எண்ணெய் விளக்கும் அல்ல, பற்றறி விளக்கும் அல்ல. பின்னால் இரண்டு பெடியங்கள் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்காக இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வேகத்தைக் குறைத்தார். விளக்கு அணையவில்லை. பள்ளிக்கூட வாசலில் எல்லாரையும் இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தி மறுபடி இயக்கிப் பார்த்தார். அப்போதும் எரிந்தது.

அது என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். டைமிங் பெல்ட் மாற்றும் காலம் வந்துவிட்டது. எஞ்சினுக்குள் மேலே வால்வுகளும் கீழே பிஸ்டன்களும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஏறி இறங்குவது அந்த ஒரு ரப்பர்ப் பட்டியின் தயவில்தான். பட்டி அறுந்தால் வால்வு நின்ற இடத்தில் நிற்கும். பிஸ்டன் வந்து அடிக்கும். அறுவதற்கு முதல் ஒரு முனகலும் கேட்காது. அறுந்தபின் கேட்கும் சத்தத்தோடு எஞ்சின் முடிந்துவிடும்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. சொந்த வானாக இருந்திருந்தால் அந்தக் கிழமையே மாற்றியிருப்பார். வான் அவருடையதல்ல.

சொந்தக்காரர் சத்தியநாதன், குலேந்திரனின் மனைவி குணலட்சுமிக்கு மூத்த அண்ணர். கனடாவில் இருக்கிறார். சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தவர், குடும்பத்துக்கென்று கொழும்பில் வாங்கிக் கொண்டுவந்து விட்ட டொல்பின் வான் அது. அவர் வந்து நிற்கும் நாள்களில் அவருக்கு. மற்ற நாள்களில் குலேந்திரன் ஓடி உழைத்துக்கொள்ளலாம். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடையில் கோயில், கலியாணம், ஆசுபத்திரி. அந்த வானில்தான் வீடு ஓடியது. சத்தியநாதன் வாடகை கேட்டதில்லை. அவர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை: எஞ்சினில் ஸ்பானர் படக்கூடாது.

வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் சிரிக்கமாட்டார்கள். தொண்ணூறுகளில் குடாநாட்டுக்குப் பெற்றோலும் வராது, உதிரிப்பாகமும் வராது. மண்ணெண்ணெய் குடித்து இருமி இருமி ஓடிய கார்களில் ஒன்றைத் திறந்தால், உள்ளே ஒரு சின்ன வளையம் உடைந்திருந்தாலும் மாற்ற வழியில்லை. திறந்தது திறந்தபடியே கிடக்கும். எத்தனையோ கார்கள் அப்படியே மாமரத்தின் கீழ் நின்று, கோழி முட்டையிடும் இடமாகின. ஓடுகிறதைத் தொடாதே என்பது அன்றைக்கு விசர்க்கதை அல்ல. ஆனால் பாதை திறந்து, கடைக்குக் கடை உதிரிப்பாகம் தொங்கத் தொடங்கிய பிறகும் அந்தச் சொல் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. விற்கிறவர் முதலில் சொல்வது, எஞ்சின் திறக்கவில்லை என்று. வாங்குகிறவர் முதலில் பார்ப்பது, போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று.

குலேந்திரனும் அந்தக் காலத்தில்தான் தொழில் பழகினார். கூட்டுறவுச் சங்க லொறியில் கிளீனராக ஏறி, அதே லொறிக்குச் சாரதியானவர். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது சங்கத்தின் அரிசி மூட்டைகளோடு லொறியைச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஒருபோதும் வாகனத்தை அடித்து ஓட்டமாட்டார். எண்ணெய் மாற்றும் நாள் வந்தால் நல்ல நாள் பெருநாள் என்று பார்க்கமாட்டார். முறைப்படி செய்யவேண்டியதை முறைப்படி செய்யவிடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அன்று பின்னேரம், கனடாவில் காலை விடிந்திருக்கும் நேரம் பார்த்து அழைத்தார்.

“மச்சான், வானிலை ஒரு லைற் எரியுது.”

“எரிஞ்சால் நல்லதுதானே. எரியாட்டித்தான் பிழை.” சத்தியநாதன் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

“இது அந்த லைற் இல்லை. டைமிங் பெல்ட் மாத்தச் சொல்லுற லைற்.”

“வான் ஓடுதோ?”

“ஓடுது.”

“இழுவை இருக்கோ?”

“இருக்கு.”

“பிறகென்ன பெல்ட்? ஐயான்ரை ஒஸ்ரின் காருக்கு எந்தக் காலத்திலை பெல்ட் மாத்தினது? மண்ணெண்ணெயிலை ஓடினது. நான் வெளிக்கிடேக்கையும் ஓடிக்கொண்டுதான் நிண்டது.”

“அதுக்குள்ளை சங்கிலி மச்சான். இது ரப்பர்.”

“நீ இப்ப எனக்கு எஞ்சின் படிப்பிக்கிறியோ? குலம், அது லைற்றிலை கோளாறு. ஒரு எலெக்ரீசியனுக்குக் காட்டி அந்த லைற்றைப் பார். எஞ்சினிலை ஒருத்தரையும் கை வைக்க விடாதை. ஸ்பானர் பட்டுதெண்டால் விலை பாதி.”

சொன்னபடியே காட்டினார். சந்தியில் கடை வைத்திருந்த எலெக்ரீசியன் ஒன்றும் கேட்கவில்லை. டாஷ்போர்டைக் கழற்றி, பின்னாலிருந்த சின்னக் குமிழைத் திருகி எடுத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தான்.

“சரி அண்ணை. இனி எரியாது.”

“அப்ப பெல்ட்?”

“அது என்ரை வேலையில்லையே.”

குமிழைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்த குலேந்திரனுக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, கள்ளன் போய்விட்டான் என்று படுக்கச் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் வானை வெறுமனே ஓட்டவில்லை. வானுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். வடமராட்சிப் பக்கம் வாடகைக்குக் கேட்டால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக் கழித்தார். வழியில் வரும் ஆளில்லாத வல்லை வெளியில் எஞ்சின் அடிபட்டு நின்றால், உப்புக்காற்றைத் தவிர ஒன்றும் கிட்ட வராது. வல்வெட்டித்துறையில் ஒரு கலியாண வீட்டுக்காரர், “குலமண்ணைக்கு இப்ப பெரிய எடுப்பு” என்று சொல்லித் திரிந்ததும் காதில் விழுந்தது. பிள்ளைகளை ஏற்றும் பாதையைத்தான் விடமுடியவில்லை. விட்டால் உலை வைக்கமுடியாது. ஓடினால், பின்னால் இருபது பிள்ளைகள் இருக்கத் தெருநடுவில் எஞ்சின் செத்துப்போகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாரிகாலம் போய்த் தை பிறந்தது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் குணலட்சுமி, ஒருநாள் முன் ஆசனத்தில் இருந்துகொண்டு. “ரேடியோவைப் போடாமல் என்னத்தைக் கேட்டுக்கொண்டு ஓடுறியள்?”

“எஞ்சினை.”

“என்ன சொல்லுதாம்?”

“ஒண்டும் சொல்லுதில்லை. அதுதான் பயமாக் கிடக்கு.”

குருநகரில் கராச் வைத்திருந்த சிமியோனிடம் இரண்டு தடவை போனார். சிமியோன் மீன்பிடிக் குடும்பம். வள்ள எஞ்சின்களில் தொடங்கி வான்களுக்கு வந்தவர். முன் ஆசனத்தைத் தூக்கி, அதற்குக் கீழே இருந்த எஞ்சினைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“வெளியிலை பாத்து நான் ஒண்டும் சொல்லமாட்டன் அண்ணை. முன் மூடியைக் கழட்டினால்தான் பெல்ட் தெரியும்.”

“மூடியைக் கழட்டினால் போல்ட்டிலை ஸ்பானர் படுமே?”

“பின்னை என்ன, செபமாலையாலையோ கழட்டுறது?”

“உமக்குப் பகிடி. வான் என்ரையில்லை, சிமியோன்.”

“எஞ்சினுக்கு அது தெரியாதே அண்ணை.”

மறுபடி கனடாவுக்கு அழைத்தார். மறுபடி ஒஸ்ரின் கார்க் கதை வந்தது. மூன்றாம் முறை அழைத்தபோது சத்தியநாதன், “லைற் எரியுதோ?” என்று மட்டும் கேட்டார். “இல்லை” என்றார் குலேந்திரன். “பாத்தியே!” என்று வைத்துவிட்டார். விளக்கில் குமிழே இல்லை என்று குலேந்திரன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது என்று பின்னால் பலமுறை நினைத்தார்.

பங்குனி மாதம் சிமியோனுடைய கராச்சில் அவர் பார்த்த ஒன்று அவரை உலுப்பியது. அதே மாதிரி டொல்பின் வான். கலியாணப் பகுதியை ஏற்றிக்கொண்டு அச்சுவேலிக்குப் போகும்போது பெல்ட் அறுந்திருக்கிறது. எஞ்சினின் தலையைக் கழற்றிப் பலகைமேல் வைத்திருந்தார்கள். வால்வுகள் ஒன்றுகூட நேராக இல்லை. காற்றில் சாய்ந்த வாழைக்கன்றுகள் மாதிரிப் பக்கத்துக்கொன்றாக நின்றன. பிஸ்டன்களின் முகத்தில் பிறைபிறையாகப் பள்ளம். அந்த வானின் சொந்தக்காரர் பக்கத்தில் ஒரு ரயரில் குந்தியிருந்தார். “நல்லாத்தான் ஓடினது,” என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “காலமையும் நல்லாத்தான் ஓடினது.”

சித்திரை விடுமுறை வந்ததும், கிணற்று மோட்டருக்கென்று சீட்டுப் போட்டுச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு குலேந்திரன் குருநகருக்குப் போனார். குணலட்சுமிக்கு மட்டும் தெரியும். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. “அண்ணைக்குத் தெரிஞ்சால் நீங்கள் பட்டது பாடு,” என்று மட்டும் சொன்னாள்.

“துணியைச் சுத்திப் போட்டு ஸ்பானரைப் பிடியும், சிமியோன். தடம் விழாமல்.”

“துணி சுத்தினால் வழுக்கும் அண்ணை. வழுக்கினால் இன்னும் பெரிய தடம் விழும்.”

துணியைச் சுற்றினார்கள். வழுக்கியது. பெரிய தடமே விழுந்தது.

மூடி கழன்று பெல்ட் வெளியே வந்தபோது சிமியோன் பகிடியை நிறுத்தினார். பட்டியின் முதுகு முழுவதும் கோடைக்காலத்துக் குளத்துத் தரைபோல வெடித்திருந்தது. உள்பக்கத்தில் ஓரிடத்தில் பற்கள் கொட்டிப்போய் மொட்டையாக இருந்தது.

“மாதாவே! அண்ணை, உங்களை ஆரோ காப்பாத்தியிருக்கினம். எங்கடை பக்கமோ உங்கடை பக்கமோ எனக்குத் தெரியாது.”

புதுப் பட்டியையும், அதை இறுக்கிப் பிடிக்கும் சக்கரத்தையும் போட்டு, பற்சில்லுகளில் இருந்த குறிகளை ஒன்றுக்கொன்று நேராக வைத்து, சாவியைத் தொடமுதல் எஞ்சினைக் கையால் மெல்ல முழுச் சுற்றுச் சுற்றினார் சிமியோன். ஒரு பல் தள்ளிப் போயிருந்தாலும் உள்ளே இடிக்கும். அதைக் கை அறியும். இடிக்கவில்லை. பிறகு இயக்கினார்கள். குலேந்திரன் ஒரு நாற்காலியில் இருந்து, கால்களை நீட்டி, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

“குமிழையும் தாருங்கோ, பூட்டிவிடுறன்.”

“அதை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன். பிறகு பாப்பம்.”

பிறகு பார்க்கவில்லை. பழைய பெல்ட்டை மட்டும் கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த கிழமை வல்லை வெளியால், ரேடியோவைப் போட்டுக்கொண்டு, வல்வெட்டித்துறைக்குப் போய் வந்தார்.

ஆவணியில் சத்தியநாதன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தார். மகளும் பேரப்பிள்ளைகளும் கூட வந்தார்கள். கீரிமலை, கசூரினா கடற்கரை, செல்வச்சந்நிதி என்று வான் ஓய்வில்லாமல் ஓடியது. எல்லாம் முடிந்த ஒரு காலையில், இடியப்பத்துக்குச் சொதியை விட்டுக்கொண்டே சொன்னார்:

“வானை விக்கப்போறன். வாகன இறக்குமதியை நிப்பாட்டினபடியாலை இப்ப பழசுக்கு நல்ல விலையாம்.”

குணலட்சுமியின் கை அகப்பையோடு நின்றுவிட்டது. “அப்ப இவர் என்னத்தை ஓடுறது அண்ணை?”

“ஒரு ஓட்டோ எடுத்துக் குடுக்கிறன்.”

“இருபது பிள்ளையளை ஓட்டோவிலை ஏத்தேலுமே?”

“இருபது தரம் ஓடட்டும்,” என்றார் சத்தியநாதன். இந்தப் பகிடிக்கு அவரைத் தவிர ஒருவரும் சிரிக்கவில்லை.

மச்சானுடைய பொருள், மச்சான் விற்கிறார். பிள்ளைகளின் வீடுகளுக்கு என்ன சொல்வது என்று குலேந்திரன் அந்த இடியப்பம் முடியும்வரை யோசித்தார். ஒரே ஆறுதல், வாங்குகிற ஆள் ஏமாறமாட்டார்.

முதலில் வந்தவர் அச்சுவேலியில் வெதுப்பகம் நடத்தும் அற்புதராணி. பாண் விநியோகத்துக்கு வான் தேடிக்கொண்டிருந்தார். வாகனம் தெரிந்த ஆளென்று தங்கையின் கணவன் பிரகாஸைக் கூட்டிவந்திருந்தார். பிரகாஸ் கட்டாரில் வாகனம் ஓட்டியவன். கைபேசி வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வானுக்குக் கீழே மல்லாந்து போய், நெடுநேரம் வெளியே வரவில்லை.

“ஸ்பானர் படாத எஞ்சின் எண்டுதானே சொன்னனீங்கள் ஐயா?” என்று அடியிலிருந்தே கேட்டான்.

“சத்தியமா,” என்றார் சத்தியநாதன்.

“அப்ப உந்தப் போல்ட்டிலை இருக்கிற காயம் என்ன?”

சத்தியநாதன் குலேந்திரனைப் பார்த்தார். குலேந்திரன் பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால், வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷமாகத்தானே இருக்கும்?

“நான்தான் மாத்தினனான். டைமிங் பெல்ட் புதுசு. நில்லுங்கோ, பழசையும் காட்டுறன்.” உள்ளே போய்க் கடதாசிச் சுற்றை எடுத்து வந்து விரித்தார்.

பிரகாஸ் எழும்பி, முதுகு மண்ணைத் தட்டி, பட்டியை வாங்கி வளைத்துப் பார்த்தான். கொட்டிப்போன இடத்தில் விரலை வைத்தான்.

“பாத்தியளே அக்கா? பல்லுக் கொட்டி எஞ்சின் அடிபட்டிருக்கு. அதுக்குப் பிறகு திறந்து ஒட்டுவேலை செய்திருக்கினம்.”

“அடிபடேல்லை தம்பி! அறமுதல் மாத்தினது!”

“அறாத பெல்ட்டை ஆர் அண்ணை காசு குடுத்து மாத்துறது?”

“நான்தான்” என்று குலேந்திரன் சொன்னால் நம்பக்கூடிய முகம் அங்கே ஒன்றும் இல்லை. அதற்குள் பிரகாஸ் சாரதி ஆசனத்தில் ஏறிச் சாவியைத் திருப்பினான். எண்ணெய் விளக்கு எரிந்தது. பற்றறி விளக்கு எரிந்தது. அவன் ஒரு விரலால் இருட்டாகக் கிடந்த இடத்தைத் தட்டினான்.

“உதிலை பெல்ட் லைற் எரியவேணும். எரியேல்லை. லைற்றையும் கழட்டி ஒளிச்சிருக்கினம்.”

இந்த ஒன்றுக்காவது வாய் திறப்பார் என்று குலேந்திரன் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். சத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் மிகக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அற்புதராணி கைப்பையைத் தோளில் கொழுவினார். “எனக்கு உந்த ஒளிக்கிற வேலை சரிவராது ஐயா. பாண் விக்கிற எனக்கே நேற்றையான் பாணை இண்டையான் எண்டு விக்கத் தெரியாது.”

படலை சாத்திய சத்தம் கேட்டதும் சத்தியநாதன் கண்ணாடியைப் போட்டார்.

“உன்னை நம்பித்தானே குலம் தந்தனான்?”

“பெல்ட்டைப் பாருங்கோ மச்சான். உங்கடை பேரப்பிள்ளையள் இந்த மாதம் முழுக்க இந்த வானிலைதான் திரிஞ்சவை. இந்தப் பெல்ட்டோடை திரிஞ்சிருந்தால்?”

“நல்லாத்தானே ஓடினது!”

“மாத்தினபடியாலை ஓடினது.”

“மாத்தமுதலும் நல்லாத்தானே ஓடினது? பிறகேன் திறந்தனீ?”

“லைற்றைக் கழட்டச் சொன்னது நீங்கள்.”

“பார் எண்டு சொன்னனான். கழட்டு எண்டு சொன்னனானே?”

சொல்லவில்லைதான். பார் என்றுதான் சொன்னார். எந்தப் பக்கத்தால் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும் ஒழுங்கை மாதிரி இருந்தது அந்தக் கதை. குணலட்சுமி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆடை படிந்து ஆறியது.

அடுத்து வருவதாகச் சொன்ன இரண்டு பேரும் வரவில்லை. அச்சுவேலியில் காலையில் பாண் வாங்கினவர்கள் எல்லாருக்கும் கதை கிடைத்திருந்தது. புறப்படும் நாள் காலை, பெட்டிகள் வாசலுக்கு வந்த பிறகு, சத்தியநாதன் வான் சாவியை மேசையில் வைத்தார்.

“இனி உதை ஆர் வாங்கப்போகினம்? வைச்சு நீயே ஓடு. ஆனால் இனி ஒண்டிலையும் கை வைக்காதை.”

குலேந்திரன் விரும்பியது அதுதான். வான் அவரிடமே தங்கிவிட்டது. ஆனால் தண்டனையாகக் கிடைத்ததைச் சந்தோஷமாக எடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. “ஓம்” என்று சாவியை எடுத்துப் பெட்டிகளை ஏற்றினார். விமான நிலையம்வரை இருவரும் மழையைப் பற்றி மட்டும் கதைத்தார்கள்.

அடுத்த நாளே குருநகருக்குப் போய்க் குமிழைப் பூட்டுவித்து, அந்த விளக்கின் கிலோமீற்றர்க் கணக்கையும் புதிதாகத் தொடங்கவைத்தார். சாவியைத் திருப்பியபோது ரி-பெல்ட் மற்ற விளக்குகளோடு ஒருகணம் எரிந்து, எஞ்சின் இயங்கியதும் ஒழுங்காக அணைந்தது. பட்ட பாட்டையெல்லாம் சிமியோனிடம் சொன்னார். சிமியோன் கேட்டுவிட்டு, “அறாத பெல்ட்டை ஆர் மாத்துறது” என்பதை இரண்டு தரம் சொல்லிச் சிரித்தார். குலேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கிய காலை, கோப்பாயில் முதல் வீட்டு வாசலில் கஜானி தன் மகனின் கையைப் பிடித்தபடி நின்றாள். வழக்கமாகக் கதவைத் திறந்து ஏற்றிவிடுகிறவள் அன்று கையை விடவில்லை.

“மாமா, குறை நினைக்காதேங்கோ. சனம் கதைக்குது. எஞ்சின் திறந்த வானாமே இது? பிள்ளையளை ஏத்தப் பயமில்லையே?”

பெல்ட் வீட்டில்தான் இருந்தது. எடுத்துவந்து காட்டலாம். வால்வு, பிஸ்டன், சங்கிலி, ரப்பர் என்று முதலிலிருந்து தொடங்கலாம். பின்னால் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வழி கேட்டு உறுமிக்கொண்டு நின்றது.

“ஓம் பிள்ளை,” என்றார் குலேந்திரன். “திறந்த எஞ்சின்தான். ஏறச் சொல்லுங்கோ, நேரம் போகுது.”